அடைப்பு என்று சொன்னவள்

முக்கால் இஞ்ச் குழாய் எல்போ இரண்டை எடுத்து மேசையின் இரண்டு ஓரங்களிலும் வைத்தாள். நடுவில் வரிசையாக நான்கு சாக்கெட். அவற்றுக்குப் பின்னால், தனியாக, குழாய் வாயை மூடும் எண்ட் கேப் ஒன்று, அதுதான் கோல்கீப்பர். "நீங்க சொல்ற மாதிரி கேப்டனை முன்னாடி தள்ளிட்டா, இங்க யாரு நிப்பா?" என்று கேட்டபடி ஒரு சாக்கெட்டை விரலால் சுண்டினாள். அது உருண்டுபோய் முன்னே நின்றது. பின்னால் உண்டான ஓட்டையைக் குழாய்க்காரர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, தனக்கு வேண்டியது அரை இஞ்ச் வாஷர் நாலு என்றார்.

குழாய்ச் சாமான் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் கோச்சக்காதான். 'கோச்' அக்கா என்று கேலியாகத் தொடங்கிய பெயர். நாளடைவில் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. கடை அண்ணனுடையது. வாசலில் தொங்கும் போர்டில் அவர் பெயர் இருக்கிறது. உள்ளே ரெட்யூசர் எந்த டப்பாவில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக மேசைக்குப் பின்னால் நிற்பது இவள்தான். வீட்டுக் குழாயில் ஏதோ கோளாறு என்று யாராவது வந்து இழுத்தால், "சொட்டுதா, சீறுதா?" என்பாள். சொட்டினால் வாஷர், சீறினால் உள்ளே காற்று. மூன்றாவது கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை.

ஐம்பதை நெருங்குகிற வயது. குட்டையான உருவம். காதோரத்தில் ஒரு பென்சில், தூரத்தில் இருப்பது தெரிய மூக்கில் ஒரு கண்ணாடி, இடது கட்டைவிரல் நகத்தில் என்றோ பைப் ரெஞ்ச் நசுக்கிய கறுப்பு. பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவர் கால்களைப் பார்ப்பாள். முதலில் வருகிறவர்கள் தங்கள் செருப்பில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று குனிந்து பார்த்துக்கொள்வார்கள். கணவர் வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். அண்ணன் வீட்டு மாடி அறையில் இவள் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டம் என்றால், வீட்டில் விருந்தாளி வந்திருந்தாலும் இவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "அவ பந்துக்கு வாக்கப்பட்டவ, விடுங்க" என்று அண்ணி விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

வாக்கப்பட்ட கதை இதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாலை, மழைக்கு ஒதுங்க இடம் தேடியபோது விளையாட்டரங்கத்தின் கேட் திறந்திருந்தது. கேட்பார் யாருமில்லை. உள்ளே நாட்டின் பெண்கள் கால்பந்து அணி ஆடிக்கொண்டிருந்தது. ஏழு கோல் வாங்கியிருந்தார்கள். ஏழாவதும் வலைக்குள் போன பிறகு கோல்கீப்பர் எழுந்து, முகத்துச் சேற்றைப் புறங்கையால் துடைத்துவிட்டு, தனக்கு முன்னால் நின்ற நாலு பேரையும் விரலால் சுட்டிச் சுட்டி மறுபடி நிறுத்தினாள். நீ இங்கே, நீ கொஞ்சம் உள்ளே. ஆட்டம் முடிய மூன்று நிமிடம்தான் இருந்தது. ஏழு வாங்கிய பிறகும் ஒருத்தி ஆள் நிறுத்துகிறாளே என்று இவள் அவளையே பார்த்தாள். மழை நின்றது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அந்த அணி இந்த ஊரில் ஆடிய எந்த ஆட்டத்தையும் அவள் தவறவிட்டதில்லை.

அந்தக் காலத்தில் கூட்டம் என்பது பதினாறு பதினேழு பேர். எல்லாரும் ஆடுகிறவர்களின் உறவுக்காரர்கள். மூன்றாவது வரிசையில் நிழல் விழும் என்பதால் அங்கேயே சேர்ந்து உட்காருவார்கள். "நீங்க யாரோட சொந்தம்?" என்று ஒவ்வொருவரும் இவளிடம் கேட்டார்கள். யாருடைய சொந்தமும் இல்லை, ஆட்டம் பார்க்க வந்தேன் என்றதும் சந்தேகமாகப் பார்த்தார்கள். சந்தேகப்படாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டியவள், நாலு வருடம் கழித்து வந்து சேர்ந்த ஆறாம் நம்பரின் அம்மா ஒருத்திதான். பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. வேன்காரம்மா என்றே இவள் அழைத்தாள். அந்த அம்மாளுக்கு ஆட்டம் ஒரு எழுத்துகூடத் தெரியாது. பந்து எந்த மூலைக்குப் போனாலும் அவள் தலை திரும்பாது. தொண்ணூறு நிமிடமும் மகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். முடிந்ததும் இவள் பக்கம் சாய்ந்து, நல்லா ஆடினாளா என்று கேட்பாள். "ஆடினா" என்பாள் கோச்சக்கா. எட்டு வருடத்தில் அந்த ஒரு சொல்லுக்கு மேல் இரண்டாவது சொல் அவள் சொன்னதில்லை.

சொல்ல இல்லாமல் இல்லை. அவள் ஆட்டம் பார்க்கிற விதமே வேறு. கோல் விழுந்தால் மற்றவர்கள் துள்ளுவார்கள். இவள் மைதானத்தின் மறுகோடியைப் பார்ப்பாள். "கோல் போட்டவளை எல்லாருந்தான் பார்ப்பாங்க. அந்த நேரத்துல யாரு நடந்துக்கிட்டிருந்தான்னு பார்க்கணும்" என்பது அவள் கட்சி. எந்தப் பெண் எந்தக் காலில் வலியை மறைக்கிறாள், எவள் பந்து வராதா என்று ஏங்குகிறாள், எவள் வந்துவிடுமோ என்று பயப்படுகிறாள் என்பதெல்லாம் அவளுக்கு மேலிருந்தே தெரிந்துவிடும். தெரிந்ததை யாரிடம் சொல்வது? கடையில் பெண்கள் ஆட்டம் என்று வாயெடுத்தால் குழாய்க்காரர் சிரிப்பார். அதெல்லாம் ஸ்லோ மோஷன் என்பார்.

பிறகு அந்த அணி ஜெயிக்க ஆரம்பித்தது. முதலில் தற்செயலாக, அப்புறம் பழக்கமாக. பெரிய போட்டி ஒன்றில் அரையிறுதி வரைக்கும் போனதும் ஊரே தலைகீழானது. மூன்றாவது வரிசைக்கு டிக்கெட் போட்டார்கள். கடை மேசையைச் சுற்றி வாக்குவாதம் கொதித்தது. பயிற்சியாளர் தற்காப்பு ஆட்டம் ஆடுகிற பயந்தாங்கொள்ளி என்றார் குழாய்க்காரர். பதினொன்றாம் நம்பர் ஓடுகிற ஓட்டத்துக்கு அவளை நடுவில் விட வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சத்தியம் செய்தார். கேப்டனுக்கு வயசாகிவிட்டது, கல்யாணம் பண்ணிக்கொண்டு போகட்டும் என்று சிமெண்டு வாங்க வந்தவர் சொன்னார். குழாய்க்காரர் ஒருநாள் ஸ்குரூ டப்பா இரண்டை எடுத்துவைத்து, ஆஃப்சைடு என்றால் என்ன என்று கோச்சக்காவுக்கே விளக்கினார். அவள் முழுவதையும் கேட்டாள். அவர் தவறாகச் சொன்ன இடத்தைக்கூடத் திருத்தவில்லை.

இந்தக் கூட்டத்தில் பேசாமல் நின்ற ஒரே ஆள் பெயிண்ட்காரர். நாற்பது வயசுக்காரர். கடையின் ஓர் ஓரத்தில் விற்கிற பெயிண்டுக்கு ஆர்டர் எடுக்க வரும் கம்பெனி ஆள். செவ்வாய்க்கிழமைதோறும் மடிப்புக் கலையாத சட்டையும் கையில் வண்ணங்கள் காட்டும் ஷேட் கார்டுமாக வருவார். மற்றவர்கள் கலைந்துபோன பிறகு, மேசைமேல் கிடந்த எல்போவையும் சாக்கெட்டையும் காட்டி, "அப்புறம்க்கா?" என்பார். கோச்சக்கா கவிழ்ந்தது அந்த ஒரு சொல்லில்தான். அவள் வாழ்க்கையில் அண்ணன், கணவர், அண்ணி, வாடிக்கையாளர் என்று எத்தனையோ பேர் வந்தாயிற்று. அப்புறம் என்று யாரும் கேட்டதில்லை. அவள் சொன்னாள். பன்னிரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாகச் சொன்னாள். அவர் மேசையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துக் குழாய்க்காரர் தன் போனை நீட்டினார். அதில் பெயிண்ட்காரர், பின்னால் பச்சைப் பலகை, அதில் ஆட்டக்காரர்களாகக் காந்தக் குண்டுகள். பெண்கள் அணியைப் பற்றி அவர் நடத்துகிற வீடியோ சேனலாம். லட்சம் பேர் பார்க்கிறார்களாம். அவர் பேசப் பேச, அடுத்த வரி என்ன என்று கோச்சக்காவுக்கு முன்கூட்டியே தெரிந்தது. கோல் விழும்போது யார் நடந்துகொண்டிருந்தாள் என்று பாருங்கள் என்றார். கேப்டன் முன்னால் போனால் விழுகிற ஓட்டையைக் காட்டினார். அவளுக்கு முதலில் வந்தது கோபம் என்று சொல்ல முடியாது. ஒரு சந்தோஷம்தான் வந்தது. தன் பேச்சை வெளியிலிருந்து கேட்டால் இத்தனை நன்றாகவா இருக்கும் என்று தோன்றியது. கோபம் பிறகுதான் வந்தது, குழாய்க்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டே, பார்த்துக் கத்துக்கக்கா என்று சொன்னபோது.

இதைத்தானே போன மாதம் உங்களிடம் சொன்னேன் என்று அவள் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. "நீ சொன்னதுதான். ஆனா அவன் சொல்லும்போது புரியுது" என்றார், பொய் கலக்காத முகத்தோடு.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெயிண்ட்காரரிடமும் கேட்டாள். சண்டையாக இல்லை, டப்பாவில் நட்டுகளைப் பிரித்துப் போட்டபடியே, பேரைச் சொன்னால் குறைந்தா போய்விடும் என்றாள். அவர் சங்கடப்படவே இல்லை. "அக்கா, குழாய் விக்கிற கடையில ஒரு பொம்பள சொன்னாங்கன்னு சொன்னா சிரிப்பாங்க. உங்களைப் பார்த்து எதுக்கு நாலு பேர் சிரிக்கணும்? அதை நான் வாங்கிக்கறேன்" என்றார். தன்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர் திருடுகிறார் என்று கேட்டபோது அவளுக்கே ஒரு நிமிடம் நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. பிறகு அவர், ஷேட் கார்டை மூடி வைத்துவிட்டு, "அப்புறம்க்கா?" என்றார்.

இங்கேதான் அவள் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. கேட்க வேறு ஆள் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை: வீடியோவில் தன் வாக்கியம் வருமா என்று காத்திருப்பது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. எது வரும், எது வராது என்று கற்றுக்கொண்டாள். நீளமாகச் சொன்னால் வராது. சிரிப்பு மூட்டினால் வரும். செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்கும்போதே அன்றைக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சீவிச் சீவிக் கூர்மையாக்க ஆரம்பித்தாள்.

தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு அவள் ஆறாம் நம்பரைப் பற்றிச் சொன்னாள். ஆறு நடுக்களத்தில் நிற்பவள். பின்னாலிருந்து பந்தை வாங்கி இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுப்பவள். முந்தைய வருடம் அவளுக்கு முழங்காலில் அடி. தேறி வந்துவிட்டாள் என்று எல்லாரும் எழுதினார்கள். கோச்சக்கா மட்டும் மூன்றாவது வரிசையிலிருந்து கவனித்தாள்: ஆறு இப்போதெல்லாம் இடது பக்கம் திரும்புவதில்லை. பந்து எப்படி வந்தாலும் வலதுபக்கமாகவே சுற்றுகிறாள். இடதிலிருந்து ஒருத்தி நெருக்கினால் பந்தைப் பின்னாலேயே தள்ளிவிடுகிறாள். இதை இப்படியே சொல்லியிருக்கலாம். அவள் அப்படிச் சொல்லவில்லை. மூன்று பக்கமும் வாய் உள்ள டீ ஒன்றை எடுத்தாள். குழாய் மூன்றைச் சேர்க்கிற சாதாரணச் சாமான். அதன் ஒரு வாயில் பஞ்சுத் துணியைத் திணித்தாள். மற்றொரு வாயில் உதட்டை வைத்து ஊதினாள். 'புர்' என்று ஒரு சத்தம் வந்தது.

"ஆறு இதுதான். ஒரு பக்கம் அடைப்பு."

பெயிண்ட்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அடைப்புக்கு மருந்தையும் அவள் கையோடு சொன்னாள்: எட்டாம் நம்பரைக் கொஞ்சம் கீழே இறக்கி ஆறின் இடதுபக்கம் நிறுத்தினால் போதும், முழங்கால் பயம் போகிறவரைக்கும் அவள் தாங்கிக்கொள்வாள் என்று ஒரு சாக்கெட்டை டீயை ஒட்டி வைத்துக் காட்டினாள். அவர் போனில் படம் எடுத்தது அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

வீடியோவில் மருந்து வரவில்லை. வெறும் அடைப்பு வந்தது. பெயிண்ட்காரர் அவளைப் போலவே ஊதிக் காட்டினார். மூன்று நாளில் அது எங்கும் பரவியது. ஆறாம் நம்பரின் முகத்தை ஒரு கழிவுக் குழாயில் ஒட்டிப் படம் போட்டார்கள். ஆட்டத்தன்று எதிரணி அந்த வீடியோவைப் பார்த்ததோ இல்லை அவர்களுக்கே கண் இருந்ததோ, முதல் நிமிடத்திலிருந்து ஆறை இடது பக்கமாகவே நெருக்கினார்கள். நாற்பதாவது நிமிடத்தில் அவள் பின்னால் தள்ளிய பந்து எதிரிக் காலில் விழுந்து கோலானது. அதன் பிறகு அவள் பந்தைத் தொட்டபோதெல்லாம் இருபதாயிரம் பேர் வாயைக் குவித்து 'புர்' என்றார்கள். அறுபதாவது நிமிடத்தில் அவளை வெளியே எடுத்தார்கள். மைதானத்தின் ஓரக் கோட்டை நோக்கி அவள் நடந்து வரும்போது அரங்கம் முழுக்கக் கைதட்டித் தாளம் போட்டு, அடைப்பு, அடைப்பு என்று பாடியது.

வேன்காரம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் வழக்கம்போல மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்ததும், நல்லா ஆடினாளா என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அணி தகுதி பெறவில்லை. அடுத்து அறிவித்த பட்டியலில் ஆறு இல்லை. ஒரு புதன்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேன் சீருடையோடு அந்த அம்மாள் கடைக்கு வந்தாள். கடை எங்கே என்று விசாரித்து வந்தாளாம். மகள் அறையை விட்டு வெளியே வருவதில்லை என்றாள். போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன் என்றாள். வேனில் ஏறுகிற பிள்ளைகள்கூட அந்தச் சத்தத்தைப் போடுகிறார்கள், அவள் அம்மா நான் என்று அதுகளுக்குத் தெரியாது, யார் என்று சொல்லவும் முடியவில்லை என்றாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். உங்களுக்கு ஆட்டம் தெரியும். அந்த வீடியோ ஆள் சொன்னது பொய் என்று நீங்கள் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோச்சக்கா மேசையிலிருந்து கையை எடுத்தாள். இத்தனை மாதமாக, அது என் வாக்கியம் என்று யாராவது ஒருவர் தெரிந்துகொண்டால் போதும் என்று கிடந்தவள் அவள். தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் இப்போது எதிரில் நின்றாள்.

"அது அவர் சொன்னது இல்ல. நான் சொன்னது" என்றாள்.

உள்ளே அண்ணன் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மெல்ல, "நெசமா அது? அவளுக்கு இடது பக்கம் வரலையா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொன்னது, பொறாமையில் சொன்னது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆட்டத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. நிஜம்தான் என்றாள். முழங்காலில் அடிபட்ட நாளிலிருந்தே அப்படித்தான் என்றாள். சரியாகிவிடக் கூடியதுதான், பக்கத்தில் ஒருத்தியை நிறுத்தி, பயிற்சியில் அந்தக் காலுக்கு வேலை கொடுத்தால் ஆறு மாதத்தில் போய்விடும் என்றும் சொன்னாள்.

"எட்டு வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தீங்க" என்றாள் வேன்காரம்மா. "என்கிட்ட சொல்லியிருந்தா அவகிட்ட சொல்லியிருப்பேன்ல."

கத்தவில்லை, அழவில்லை. சொல்லிவிட்டு, மேசைமேல் கிடந்த ஒரு வாஷரை எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வேனுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினாள். அதற்குப் பிறகு வந்த பிளம்பர் ஒருவர் குழாய் ஒழுகுகிறது என்றபோது, சொட்டுதா சீறுதா என்று கோச்சக்கா கேட்கவில்லை. அவர் கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். அது தப்பான சைஸ் என்று அவர் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார்.

வேன்காரம்மா சொன்ன அந்த வாக்கியம் அவளை விடவில்லை. ஒரு தாயிடம் மகளின் குறையை எப்படிச் சொல்வது என்றுதான் சொல்லாமல் இருந்தேன் என்று தனக்குத்தானே வாதாடினாள். அதில் பாதி உண்மையும் இருந்தது. மீதிப் பாதிதான் கசந்தது. அந்த அம்மாளிடம் சொல்லியிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள், அவ்வளவுதான். சிரித்திருக்க மாட்டாள். அப்புறம் என்று கேட்டிருக்க மாட்டாள். லட்சம் பேருக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது.

அந்த மாதக் கடைசி ஞாயிறு மதியம், ஒரு பள்ளி மண்டபத்தில் பெயிண்ட்காரர் ரசிகர் சந்திப்பு ஒன்று வைத்திருந்தார். கோச்சக்கா போனாள். இருநூறு நாற்காலி, எல்லாம் நிரம்பியிருந்தது. மேடையில் பச்சைப் பலகை. விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. ஆறாம் நம்பரை இனி அணிப் பக்கமே விடக்கூடாது என்று ஒருவர். விடலாம், ஆனால் பின்வரிசைக்கு மாற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன். அவளுக்குப் பதிலாக வந்தவள் அவளைவிட மோசம் என்று ஒரு கல்லூரிப் பெண் எழுந்து சொன்னதைப் பாதியில் மூன்று பேர் மறித்தார்கள். கோச்சக்கா கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கினாள். மைக் வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது. அவள் முன்னே உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுகளைப் பார்த்துப் பேசினாள்.

"அடைப்புன்னு சொன்னது நான். இவர் எங்க கடைக்கு வந்து கேட்டுட்டுப் போனது. அந்தப் பொண்ணு முழங்கால் போய்த் திரும்பி வந்தவ. பக்கத்துல ஒரு ஆள் நிறுத்தினா சரியாப் போகும்னும் சொன்னேன், அதை இவர் விட்டுட்டார். ஆனா தப்பு இவருது மட்டும் இல்ல. நீங்க சிரிக்கணும்னுதான் நான் அப்படிச் சொன்னேன். அவகிட்ட நாம எல்லாரும் மன்னிப்புக் கேக்கணும். முதல்ல நான்."

எல்லாரும் பெயிண்ட்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டிக்கொண்டார் என்று அவள் நினைத்தாள். அவர் இந்த மாதிரி எத்தனையோ கடைகளில் எத்தனையோ முதலாளிகளைச் சமாளித்தவர். மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. "எனக்கு இந்த ஆட்டத்தைக் கத்துக் கொடுத்ததே இந்த அக்காதான். இத்தனை நாள் பேரைச் சொல்லாதேன்னு தடுத்து வச்சிருந்தாங்க. இன்னிக்கு அவங்களே சொல்லிட்டாங்க. எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்றார்.

எழுந்து நின்றார்கள். கைதட்டினார்கள். பன்னிரண்டு வருடமாக அவள் ஆசைப்பட்டது அவ்வளவும் அந்தக் கைதட்டலில் இருந்தது, குறையொன்றும் இல்லை. குழாய்க்காரர் முன்வரிசையிலிருந்து, எங்க கடை அக்கா, எங்க கடை அக்கா என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மைக்கில் ஏதோ சொல்லப் பார்த்தாள். மைக் அதற்குள் கைமாறிப் போயிருந்தது. பின்னாலிருந்து யாரோ, அவளுக்கு மரியாதையாக, வாயைக் குவித்து 'புர்' என்றார்கள். மண்டபமே சிரித்துக்கொண்டு அதை எடுத்துப் பாடியது.

ஒரு வாரத்தில் அண்ணன் கடை போர்டை மாற்றினார். தன் பெயருக்குக் கீழே கோச்சக்கா கடை என்று பெரிதாக எழுத வைத்தார். பெயிண்டு அன்பளிப்பாக வந்தது. யாரிடமிருந்து என்று கேட்க வேண்டியதில்லை. பந்துக்கு வாக்கப்பட்டவ என்று சிரித்த அண்ணி, விருந்தாளிகளை இப்போது மாடிக்கே கூட்டிவந்து காட்டுகிறாள். வாங்க ஒன்றும் இல்லாதவர்கள்கூடக் கடைக்கு வருகிறார்கள். அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, இந்த வாரம் யாருக்கு அடைப்பு என்று கேட்கிறார்கள். அவள் டப்பாக்களைத் திறந்து மூடிக்கொண்டு நிற்பாள். அடக்கமான மனுஷி என்று பேர் வந்தது. மன்னிப்புக் கேட்க, வேன்காரம்மா வீட்டு முகவரியை விசாரித்துக் கோச்சக்கா இரண்டு தடவை போனாள். முதல் தடவை பூட்டியிருந்தது. இரண்டாவது தடவை உள்ளே நடமாட்டம் கேட்டது, கதவு திறக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு நட்பு ஆட்டத்துக்கான பட்டியலில் ஆறாம் நம்பர் திரும்பவும் இருந்தாள். ஆட்டம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. கோச்சக்கா தனியாகப் போய் உட்கார்ந்தாள். அந்த அம்மாளை எங்கும் காணவில்லை. எழுபதாவது நிமிடத்தில் ஆறு கோட்டருகே வந்து நின்றாள். உள்ளே வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. முதல் பந்து அவளிடம் வந்தது. தோள் இடது பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்விலேயே, முழங்கால் பயம் போயிற்றா இல்லையா என்பது கோச்சக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மைதானத்தில் வேறு யாருக்கும் தெரியுமுன்.

பக்கத்து இருக்கைக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். போனை நிமிர்த்தி அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, சந்தோஷமாகக் கேட்டார்: "கோச்சக்காதானே? சொல்லுங்கக்கா, ஆறு இப்ப எப்படி இருக்கா?"

கோச்சக்கா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். காதுக்கம்பிகளை ஒவ்வொன்றாக மடக்கிக் கூட்டுக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடி, பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். பிறகு முகத்தை, மங்கலாகிப்போன மைதானத்தின் பக்கமே திருப்பிவைத்துக்கொண்டு, கடைசி விசில் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.